சாகத் தெரிஞ்ச புழு

"புழு சாக மாட்டேங்குதுங்க அம்மிணி."

"எந்தப் புழு?"

"முட்டைக்கோசுப் பச்சைப்புழு. இலையத் தொட்டா நூலு வுட்டுத் தொங்குமே, அது."

"சாகாட்டி வாழ்ந்துட்டுப் போகுது."

ராக்கியப்பனுக்குச் சுருக்குன்னுச்சு. ஒரு கோணிப்பை நெறையப் பழைய மருந்துப் பாட்டிலத் தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்த மனுசன். வயசு அம்பத்திரெண்டு. பதில் சொன்ன பொம்பளைக்கு நாப்பதுகூட இருக்காது.

ஆனா கேக்கறதுக்கு வேற ஆளு இல்ல.

அந்தம்மா பேரு ஜெசிந்தா. கோயமுத்தூர்ப் பக்கம் பூச்சிமருந்து சோதிக்கிற எடத்துல பதினோரு வருசம் புழு வளத்தவங்க. ஆமா, வளத்தவங்க. மருந்து கொல்லுதான்னு பாக்கணும்னா கொல்றதுக்குப் புழு வேணுமே. அந்த எடத்த மூடுனப்ப மிச்சச் சாமான வேலை செஞ்சவங்களுக்கே குடுத்தாங்க. ஒருத்தரு மேசை கேட்டாரு, ஒருத்தரு ஃபேன் கேட்டாரு. இந்தம்மா ஒரு ஜாடிப் புழுவக் கேட்டு வாங்கிட்டு வந்துட்டாங்க.

இப்ப ஒட்டன்சத்திரத்துல ரைஸ்மில்லுக்குப் பின்னால ஒரு வாடகை வீடு. தையல் மெசினும் புழு ஜாடியுமாக் குடித்தனம். பயிர்ல பூச்சின்னு யாராச்சும் போனா யோசனை சொல்லுவாங்க. கேட்டுட்டுத் தெளிஞ்சு வந்தவன் எவனும் இல்ல. போறப்ப ஒரு சந்தேகம், வர்றப்ப ஒம்பதுன்னு ஊருக்குள்ள பேச்சு.

ராக்கியப்பன் அத்தனையும் தெரிஞ்சுதான் வந்தாரு. முட்டைக்கோசு ரெண்டு போகம் புழு தின்னு போச்சு. இப்ப மூணாவது போகம், நாப்பது நாள் பயிரு. அவரு சம்சாரம் மயிலாத்தாள் சொல்லிட்டா: "இதும் போச்சுன்னா வூட்டப் பூட்டிட்டுத் திருப்பூரு போயிறலாம்." சொன்னதோட நிக்கல. பாத்திரம், துணிமணியெல்லாம் ரெண்டு மூட்டையாக் கட்டி மூலையில வெச்சுட்டா. சோறு ஆக்கறதுக்கு ஒரு குண்டாதான் வெளிய இருக்குது.

அம்பத்திரெண்டு வயசுல எவனோ ஒருத்தன் நேரம் பாத்துச் சொல்லச் சொல்ல நின்னு பனியன் மடிக்கணும். 

"பாட்டில வரிசையா வைங்கண்ணா," ன்னாங்க ஜெசிந்தா. "வீரியம் கம்மி இந்தப் பக்கம். அதிகம் அந்தப் பக்கம்."

இது அவருக்குத் தண்ணிபட்ட பாடு. நீல முக்கோணம் போட்டது மொதல்ல. மஞ்சள் நடுவுல. சிவப்பு கடைசியில. மொத்தம் ஒம்பது.

"நீலத்துல ஆரம்பிச்சேன். கேக்கல. மஞ்சளுக்குப் போனேன். கேக்கல. சிவப்புக்கே கேக்கலைன்னா நா எங்க போவேன்?"

"இந்த முக்கோணம் எதுக்குப் போட்டிருக்கு?"

"வீரியம் தெரியறதுக்கு."

"யாரக் கொல்ற வீரியம்?"

"இதென்ன கேள்வி? புழுவத்தான்."

"உங்களண்ணா."

ராக்கியப்பன் பாட்டிலப் பாத்தாரு. அந்தம்மாவப் பாத்தாரு.

"அடிக்கற மனுசனுக்கு எத்தன ஆபத்துன்னு சொல்றதுதான் இந்தக் கலரு. புழுவுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல."

"அப்ப நா மூணு வருசமா..."

"உங்களுக்குத்தான் ஏத்திட்டு வந்திருக்கீங்க."

அவரு மேல்துண்ட எடுத்து மொகத்த அழுத்தித் தொடச்சாரு.

ஜெசிந்தா பாட்டில ஒண்ணொண்ணாத் திருப்புனாங்க. முன்னால ஒண்ணுல புலி, ஒண்ணுல வாளு, ஒண்ணுல இடி மின்னல். பின்னால எறும்பு ஊர்ற மாதிரி பொடி எழுத்து. அந்த எழுத்த மட்டும் படிச்சுட்டு ஒம்பதையும் ஒரே பக்கமாத் தள்ளிட்டாங்க.

"எல்லாம் ஒரே குடும்பம். அண்ணன் தம்பி, பங்காளி. ஒருத்தன் அடியத் தாங்கப் பழகிட்டா மத்தவன் அடியும் ஒறைக்காது."

"கடை மாத்தி மாத்தித்தானுங்க வாங்குனேன்!"

"கடையத்தான் மாத்துனீங்க."

"அப்ப எந்த மருந்துதான் அடிக்கறது?"

"நாளைக்கு வாங்க. உங்க தோட்டத்துல பத்துப் புழு புடிச்சுட்டு வாங்க. உசுரோட."

மருந்து கேக்க வந்தவரு புழு புடிக்கக் கெளம்புனாரு.

மறுநாள் பத்துப் புழு டப்பாவுல வந்துச்சு.

ஜெசிந்தா சிவப்புப் பாட்டில் அடியில கெடந்தத எடுத்துத் தண்ணியில கலக்குனாங்க. தோட்டத்துக்குக் கலக்கறதுல பாதி வீரியம்கூட இல்ல. ரெண்டு கோசு இலைய அதுல முக்கிக் காய வெச்சு, ரெண்டு கண்ணாடி டம்ளர்ல போட்டாங்க. ஒண்ணுல அவரு கொண்டாந்த பத்து. இன்னொண்ணுல தன் ஜாடியில இருந்து பத்து.

"நாளைக்கு வாங்க."

"நாளைக்குமா?"

"புழுவுக்குப் பசிக்கணுமில்ல."

அதுக்கடுத்த நாள் வந்து பாத்தா, ஒரு டம்ளர்ல இலை சல்லடையாக் கெடக்குது. பத்தும் திங்குது. இன்னொரு டம்ளர்ல பத்தும் கறுத்துச் சுருண்டு கெடக்குது.

ராக்கியப்பன் துள்ளிட்டாரு. "கேக்குது! பாதி வீரியத்துக்கே கேக்குதுங்க அம்மிணி!"

"செத்தது என்ற புழு. திங்கறது உங்க புழு."

துள்ளுன ஆளு அப்படியே ஒக்காந்துட்டாரு.

"உங்க புழு ஏன் இப்படிச் சோதாவா இருக்குது?"

"அதோட பாட்டன் பூட்டன் யாரும் மருந்து வாசமே பாத்ததில்ல. இத்தன வருசமும் அப்படித்தான் வளத்தேன். சாகத் தெரிஞ்ச புழு."

"அடடா. இந்த மாதிரிப் புழு என்ற தோட்டத்துல இருந்தா நா ராசாவாட்ட இருப்பேனே."

"இருந்துச்சே."

"எப்ப?"

"மொதல்ல. முக்காவாசிக்கு மேல அதுதான். சாகாதது எங்கயோ ஒண்ணு ரெண்டு இருந்திருக்கும்."

"அப்ப அதெல்லாம் எங்க போச்சு?"

"தோட்டம் உங்களுது. என்னையக் கேக்கறீங்க?"

ஜெசிந்தா தையல் மெசின மிதிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அந்த வீட்டுல அதுக்குப் போயிட்டு வாங்கன்னு அர்த்தம்.

வழி நெடுக அவருக்கு அதே ரோசனை. எங்க போச்சு? பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருக்குமோ? காத்துல அடிச்சுட்டுப் போயிருக்குமோ? ரெண்டாவது பஸ் மாற மறந்து ஒரு ஊரு தாண்டிப் போய் நடந்து வந்தாரு.

மயிலாத்தாள் அந்த ஒத்தக் குண்டாவுல சோறு வடிச்சுக்கிட்டிருந்தா.

"ஏ புள்ள. நம்ம தோட்டத்துல மருந்துக்குச் சாகற புழு இருந்துச்சாமா. அது எங்க போச்சு?"

"நீங்கதான கொன்னீங்க."

"நானா?"

"பின்ன பக்கத்து வூட்டுக்காரனா? சாகறதெல்லாம் செத்துப்போச்சு. சாகாதது மிச்சம். சாகாததும் சாகாததும் கண்ணாலம் பண்ணிக்கிட்டா சாகறதாப் பொறக்கும்? தள்ளுங்க, கஞ்சி கொட்டுது."

ராக்கியப்பன் தள்ளி ஒக்காந்தாரு. மூணு வருசம் மருந்துப் பம்பத் தூக்கி முதுகு ஒடிஞ்சது அவருக்கு. விசயம் தெரிஞ்சது இவளுக்கு. எப்படின்னு வெளங்கல.

அதவிடப் பெரிய கொழப்பம் அப்பத்தான் ஆரம்பிச்சுது. கொன்னா, சாகாத புழுதான் பெருகுது. கொல்லாம வுட்டா, எல்லாம் சேந்து திங்குது. அப்ப என்னதான்டா செய்யறது, ஆண்டவனே?

"நாந்தான் கொன்னேன்," ன்னு மறுநாள் போய் ஒத்துக்கிட்டாரு.

"யாரு சொன்னாங்க?"

"என்ற சம்சாரம்."

"அவங்கள அனுப்பியிருக்கலாம். பஸ்ஸு மிச்சம்."

அவரு சிரிக்கல. ஜெசிந்தாவும் அதுக்கப்பறம் சிரிக்கல. உள்ள போய் ஜாடிப் புழுவப் பாதியாப் பிரிச்சு, இன்னொரு ஜாடியில போட்டுக் கொண்டாந்தாங்க.

"கொண்டு போய் உங்க தோட்டத்துல வுடுங்க."

ராக்கியப்பனுக்கு வந்துச்சே கோவம். "புழு சாகறதுக்கு வழி கேட்டு வந்தா புழுவையே குடுக்கறீங்க! வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள வுட்ட கதையா இருக்குது! என்ற பொண்டாட்டி மூட்டை கட்டி வெச்சிருக்கறா, தெரியுமுங்களா?"

"தெரியாது."

"கட்டி வெச்சிருக்கறா."

"அப்ப சீக்கிரம் போங்க. வுடற வரைக்கும் தீனி போடுங்க. பட்டினி போட்டுறாதீங்க."

ஜாடிய நீட்டுனாங்க. அவரு வாங்குனாரு. ஆனா அந்தம்மா கை சட்டுனு வுடல. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் ஒரே ஜாடியப் புடிச்சுட்டு நின்னாங்க.

பஸ்ஸுல பக்கத்துல ஒக்காந்திருந்த பொம்பள கேட்டா, "என்னங்க, ஊறுகாயா?"

"புழு."

அவ எந்திரிச்சு டிரைவர்கிட்டப் போய் நின்னுக்கிட்டா.

வீட்டுக்கு வந்தவருக்கு ஜாடியத் தெறக்க மனசு வரல. தன் கையாலயே தன் பயிர்ல புழு வுடறதா? மயிலாத்தாள் பாத்தா மூட்டையோட சேத்து அவரையும் கட்டிருவா. நாளைக்குப் பாத்துக்கலாம்னு மோட்டார் ரூம்புல வெச்சாரு.

தீனி ஞாபகம் வந்துச்சு. தோட்டத்துல எறங்கி நல்லதா நாலு இலை பறிச்சுட்டு வந்து போட்டாரு. புழு ஏறி ஓரத்துல இருந்து கடிக்க ஆரம்பிச்சுது. குனிஞ்சு பாத்துக்கிட்டே நின்னாரு.

"தின்னு, தின்னு," ன்னாரு. சொல்லிட்டு யாராச்சும் கேட்டாங்களான்னு திரும்பிப் பாத்தாரு.

விடிஞ்சு போய்ப் பாத்தா, ஜாடி அடியில எல்லாம் கெடக்குது.

ஆட்டிப் பாத்தாரு. தட்டிப் பாத்தாரு. ஒரு குச்சிய எடுத்து ஒவ்வொண்ணாத் தள்ளிப் பாத்தாரு. ஒண்ணுகூட அசையல. அவரு மருந்தடிச்சு ஆறு நாளாச்சு. அந்த மிச்சமே அதுகளுக்குப் போதுமா இருந்திருக்குது.

மோட்டார் ரூம்புக்கு வெளிய, அதே செடியில, அதே இலைய, அவரு தோட்டத்துப் புழு தின்னுக்கிட்டிருக்குது.

மூணு வருசமா எதுக்காக மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டிருந்தாரோ அது நடந்துருச்சு. அவரு அடிச்ச மருந்துல புழு செத்துப்போச்சு. மனுசனுக்கு அழுகை அழுகையா வந்துச்சு. எதுக்குன்னு அவருக்கே தெரியல.

"செத்துப் போச்சுங்க அம்மிணி."

மெசின் நின்னுச்சு.

"அத்தனையுமா?"

"அத்தனையும்."

ஜெசிந்தா ஜாடிய வாங்கி மடியில வெச்சுக்கிட்டாங்க.  மூக்க உறிஞ்சுனாங்க.

"புழு சாகணும்னுதானண்ணா வந்தீங்க?"

"ஆமாங்க."

"செத்துருச்சு. அப்பறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்குது?"

"தெரியலீங்க."

"என்ன தீனி போட்டீங்க?"

"என்ற தோட்டத்து இலைதானுங்க."

"எந்த வரிசையில பறிச்சது?"

"எந்த வரிசையா இருந்தா என்னங்க? எல்லாத்துலயுந்தான் மருந்து..."

பாதியில நின்னுட்டாரு.

"அதுக்குத் திங்க என்ற தோட்டத்துல ஒரு இலைகூட இல்லீங்களா?"

 ஜெசிந்தா தையல் அளவு குறிக்கற சீட்டுல ஒரு மருந்துப் பேர எழுதிக் குடுத்தாங்க.

"இது வேற குடும்பம். கடையில புலியப் பாக்காதீங்க, வாளப் பாக்காதீங்க. பின்னால பொடி எழுத்துல இந்தப் பேரு இருந்தா வாங்குங்க. பாட்டில்ல போட்டிருக்கற அளவுக்கு மேல ஒரு சொட்டு வேண்டாம். ரெண்டு தடவ அடிங்க. மூணாவது தடவ அடிக்காதீங்க."

"மூணாவது தடவ கேக்காதுங்களா?"

"கேக்கும்."

"பின்ன ஏன்?"

"கேக்கறதுனாலதான்."

அவருக்குத் தல சுத்துச்சு.

"ஓரத்து நாலு வரிசைக்கு ஒரு தடவகூட வேண்டாம். அங்க இருக்கற புழுவுக்கு இந்த மருந்துப் பேரே தெரியக்கூடாது."

"தின்னுருமுங்களே!"

"திங்கட்டும்."

"ஒண்ணும் வெளங்கலீங்க."

"எனக்கும் இது வெளங்க வருசம் ரெண்டாச்சுண்ணா."

அவரு வாசப்படி வரைக்கும் போய்த் திரும்புனாரு. "அந்த இன்னொரு ஜாடி..."

"தர மாட்டேன்," ன்னாங்க. மெசின் ஓட ஆரம்பிச்சுது.

ராக்கியப்பன் புது மருந்து ரெண்டு தடவ அடிச்சாரு. ஓரத்து நாலு வரிசை வந்தப்ப ரெண்டு தடவயும் பம்ப நிறுத்துனாரு. 

புழு செத்துக் கொட்டுச்சு. உள்ள இருந்த செடியெல்லாம் நல்லா இறுகிக் காய் கட்ட ஆரம்பிச்சுது. ஓரத்து நாலு வரிசை மட்டும் பாக்கச் சகிக்கல. வரப்புல போற ஆளெல்லாம் நின்னு விசாரிச்சாங்க. "ஏனுங்க, மருந்து பத்தலீங்களா?" அவரு என்னன்னு சொல்லுவாரு? பத்தலைன்னே சொல்லிட்டாரு.

மூட்டை ரெண்டும் மூலையிலேயே கெடந்துச்சு. காய் கட்டுனதப் பாத்தும் மயிலாத்தாள் அதத் தொடல. நல்லா இருந்தது கெட்டத அவ ரெண்டு தடவ பாத்தவ.

காய் வெட்ட இன்னும் பத்து நாள். ஒரு சாயங்காலம் உள்பக்கத்துச் செடியில அங்கொண்ணு இங்கொண்ணாப் புழு தென்பட்டுச்சு. மயிலாத்தாள்தான் மொதல்ல பாத்தா. பாத்தவ ஓடிப்போய் மருந்துப் பாட்டில எடுத்துட்டு வந்தா. அதுல பாதி மிச்சம் இருந்துச்சு.

"அடிங்க."

"வேண்டாம்."

"இதுதான் நல்லாக் கேக்குதே!"

"கேக்குதுன்னுதான் வேண்டாங்கறேன்."

"உங்களுக்கு என்ன கிறுக்குப் புடிச்சுருச்சா? இதும் போச்சுன்னா நா சொன்னது சொன்னதுதான். காலையில பஸ்ஸு."

"தெரியும்."

அவரு குனிஞ்சாரு. அங்கொண்ணு இங்கொண்ணா இருந்த புழுவக் கையாலயே புடிச்சு நசுக்குனாரு. வரிசை வரிசையாப் போனாரு. திட்டிக்கிட்டே அவளும் எதுத்த வரிசையில நசுக்கிக்கிட்டே வந்தா. இப்படியே ஓரத்து நாலு வரிசைக்குப் பக்கத்துல வந்து சேந்தாங்க.

அவரு கால் பட்டதும் அந்தக் கந்தல் செடிகள்ல இருந்து குட்டிக் குட்டியாச் சாம்பக் கலர் அந்துப்பூச்சி கெளம்புச்சு. அந்தப் புழுவோட தாய் தகப்பன் இதுதான். நூறு இருக்கும். கெளம்புனது அங்கயே நிக்கல. நல்ல செடிகளப் பாத்து உள்ள பறந்துச்சு.

"அய்யோ! உள்ள போவுது! அத்தனையும் உள்ள போவுது பாருங்க!" மயிலாத்தாளுக்கு அழுகையே வந்துருச்சு. "அடிங்க! இப்பவே அடிங்க!" பாட்டில அவரு கையில திணிச்சா.

ராக்கியப்பன் பாட்டிலப் புடிச்சுட்டு நின்னாரு. ஒரு பூச்சி அவரு தோள்ல ஒக்காந்துச்சு. மடிச்ச றெக்க மேல வைரம் வைரமா வெள்ளக் கோடு. மருந்துப் பேரே தெரியாத பூச்சி. ஒரு நிமிசம் இருந்துட்டு அதுவும் உள்ள போச்சு.

உள்ள என்ன இருக்குது? ரெண்டு தடவ அடிச்சும் சாகாம நின்ன ஒண்ணு ரெண்டு.

அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு.

"எதுக்குங்க சிரிக்கறீங்க? குடி முழுகப் போவுது!"

"பொண்ணு பாக்கப் போவுது புள்ள. வுடு."

மயிலாத்தாள் அவரு மூஞ்சியப் பாத்தா. பறக்கற பூச்சியப் பாத்தா. கண்ணத் தொடச்சுக்கிட்டா.

"நல்ல குடும்பமா?"

"சாகற குடும்பம்."

 அவ பாட்டில அவரு கையில இருந்து வாங்கிக்கிட்டு வூட்டுக்குள்ள போனா. மூலையில கெடந்த மூட்டைய அவுத்து, பெரிய சோத்துப் பானைய வெளிய எடுத்தா.